இடது காலுக்கு வேலை இல்லை

இருபத்தாறு வருஷம் கிளட்ச் மிதித்த கால் இது.
ஆட்டோமேட்டிக்கில் ஏறிய முதல் நாள்
இல்லாத கிளட்சைத் தேடிப் போய்
பிரேக்கை மிதித்துவிட்டது.
ஆடிட்டர் மேடத்தின் மடியிலிருந்த ஃபைல்கள்
முன்சீட்டுக்கு அடியில் வந்து விழுந்தன.
"அந்தக் கால மடக்கி வெச்சுக்குங்க தேசிங்கு."
மடக்கி வைத்தேன்.
சீட்டோரமாக உட்கார்ந்திருக்கிறது
கம்பெனி மூடிய மறுநாளும்
அதே நேரத்துக்குக் குளித்துவிட்ட ஆள் மாதிரி.

மேடத்திடம் ஒரு நோட்டு உண்டு.
தேதி, கிலோமீட்டர், லிட்டர்,
கடைசிக் கட்டத்தில் பச்சை மையில் மைலேஜ்.
ஒன்பது புள்ளி நாலு.
ஒன்பது புள்ளி ஒன்று வந்த வாரம்
வண்டியை விட எனக்குத்தான் வியர்த்தது.
"சிக்னல்ல நியூட்ரல் போடுங்க.
டி-ல நின்னா இன்ஜின் இழுத்துக்கிட்டே இருக்கும்,
பெட்ரோல் யார் வீட்டுது?"

புதுப்பேட்டை இம்தியாஸ் வேறு சொன்னான்.
"நிமிஷத்துக்கு ஒரு தரம் மாத்தாத.
டி-லயே வெச்சு பிரேக்க மிதி.
மிச்சம் பண்றது நாளைக்கு அரை டீ.
கியர்பாக்ஸ் போச்சுன்னா
டீக்கடையே விக்கணும்."

டி-யில் நிற்பது எப்படி என்றால்
முதுகில் கைவைத்துப் போ போ என்று தள்ளிக்கொண்டே
சட்டையைப் பிடித்து நில் என்பது.
வலது கால் கொஞ்சம் தளர்ந்தால் போதும்,
ஆக்ஸிலேட்டர் தொடாமலே ஊரும்.
சாப்பிடுகிறவன் மோருக்கு வருமுன்னே
நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பானே,
அவன் மாதிரி.

கியருக்குப் பக்கத்தில் நாலு எழுத்து.
மூன்றாவது, என்.
இந்த வண்டியில் 'என்' என்று
நான் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

மத்திய கைலாஷில் நூற்றைம்பது வினாடி.
மெட்ரோ தடுப்புக்கும் தண்ணீர் லாரிக்கும் நடுவே
என்-னுக்குத் தள்ளிவிட்டுக்
காலை எடுத்தேன்.
வண்டியின் நடுக்கம் ஒரு இழை குறைந்தது.
கர்ச்சீப் விற்கிறவன் கண்ணாடியைத் தட்டிப் போனான்.
தொண்ணூறு. எண்பத்தொன்பது.
இரண்டு காலும் சும்மா இருந்தன.
எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு
யாரையும் எங்கேயும் கொண்டுபோகாத ஒரு நிமிஷம்.

பச்சை.
மிதித்தேன்.
கூரையில் தகரம் இழுத்த சத்தத்தில்
அலறியது இன்ஜின்.
வண்டி நகரவில்லை.
இன்னும் மிதித்தேன், இன்னும் கத்தியது.
பின்னால் அடையாறு வரைக்கும் ஹாரன்.
பக்கத்து ஷேர் ஆட்டோக்காரன் எட்டிப் பார்த்து
"இன்னா தல, ராக்கெட்டா?" என்றான்.
மேடம் நோட்டைத் திறந்து
எதையோ எழுதினார்.
அந்த அலறலுக்கு எத்தனை மில்லி என்று
கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நுங்கம்பாக்கத்தில் கிளையன்ட் ஆபீஸ்.
மூன்று மணி நேரம், மே மாதம்.
ஏசி போட்டால் நோட்டில் தெரிந்துவிடும்.
நாலு கதவையும் திறந்துவிட்டுத்
தூங்குமூஞ்சி மரத்தின் நிழல் நகர நகர
நானும் நகர்ந்து உட்கார்ந்தேன்.
இந்த வியர்வைக்கு எந்தக் கட்டம், எந்த மை?

ஒரு மாதம் என், ஒரு மாதம் டி.
பார்த்துவிட்டுச் சொன்னார்:
"வித்தியாசம் நூத்தி நாப்பது ரூபா தேசிங்கு."
எனக்கு ஒரு மணி நேரத்துக்குத் தருவதும்
நூற்று நாற்பதுதான்.
அவர் அதைச் சேர்த்துப் பார்த்தாரோ இல்லையோ,
நான் பார்த்தேன்.
"அப்போ என்-லயே போடட்டுங்களா?"
"போடுங்க. பச்சை விழுந்தா
மாத்த மட்டும் மறக்காதீங்க."

சாவியைக் கொடுத்துவிட்டு
வியாசர்பாடிக்குப் பஸ் ஏறினேன்.
சீட் இல்லை. டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றேன்.
பழைய வண்டி, கியர் கம்பி
காய்ச்சல்காரன் கைபோல ஆடிற்று.
சின்னப் பையன் ஓட்டினான். இரண்டிலிருந்து மூன்றுக்கு
அவன் கிளட்சை மிதித்தபோது
என் இடது கால்
தகரத்தை மிதித்தது.
அவனை விட ஒரு நொடி முன்னால்.